ஏழாவது எபிசோடில் வந்த ‘நாங்கள்’

விண்வெளித் தொடர்களைப் பற்றி யூடியூபில் தமிழில் பேசுகிறவர்களில் என்னை விடப் பிரபலமானவர்கள் நிறையப் பேர் உண்டு. என்னை விடக் கவனமாகப் பார்க்கிறவர்கள் குறைவு. தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு வந்து தமிழில் பேசுவார்கள். நான் தமிழ் டப்பிங்கில் பார்த்து, அந்தத் தமிழையே பிடித்துக்கொண்டு பேசுகிறவன். எங்கள் பக்கம் பாதிப் பேர் டப்பிங்கில்தான் பார்க்கிறார்கள். அவர்கள் காதில் விழுகிற வசனத்தை விட்டுவிட்டு வேறு எதைப் பற்றிப் பேசுவது?

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கும் இந்தப் புத்தி எனக்குத் தொழிலில் வந்தது. விழுப்புரத்தில் ஒரு ஃபிளக்ஸ் பேனர் கடையில் டிசைனர் வேலை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகும். ஒரு முறை பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து திருவிழா பேனருக்கு வந்தார்கள். ‘எங்கள் ஊர் அம்மன் திருவிழா, அனைவரும் வருக’ என்று போடச் சொன்னார்கள்.

“வெளியூர்ல கட்டறதுன்னா ‘எங்கள்’ சரிங்க. ஊருக்குள்ளியே கட்டறதுன்னா ‘நமது’ன்னு போடுங்க” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதாம்பா. ஜல்தி அடிச்சிக் குடு” என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே அதே ஆட்கள் வாசலில் நின்றார்கள். ஊரின் மேற்குத் தெருக்காரர்கள் பேனருக்குக் கீழே கூடிவிட்டார்களாம். “எங்கள் ஊருன்னா யாரு ஊரு? அப்ப நாங்க இன்னா வெளியூரா?” என்று கேட்டு, பேனரை அவிழ்க்காமல் தேர் நகராது என்று சொல்லிவிட்டார்களாம். ‘நமது’ என்று மாற்றி அடித்துக் கொடுத்தேன். அன்று மாலை தேர் நகர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று ஒரு பெயர் சொல்லிப் பயமுறுத்தினார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. ‘நாம்’ என்றால் கேட்கிறவனும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவன் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பாவம், அதை வைத்துக்கொண்டே அவர்கள் காலம் தள்ளுகிறார்கள்.

வீடு திண்டிவனத்தில். சரியாகச் சொன்னால் அது என் மனைவி ஏற்கெனவே குடியிருந்த வாடகை வீடு. நாற்பதைத் தாண்டிய பிறகு, இரண்டு வருடம் முன்பு, அவரைக் கல்யாணம் செய்துகொண்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். அவர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முதல் கணவர் மாரடைப்பில் போனபோது மகள் சின்னப் பெண். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டாவது முடித்திருந்தாள். இப்போது பத்தாவது.

அந்தப் பெண் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அப்பா என்ற சொல் அவள் அப்பாவுடையது, அதை நான் கேட்கவும் இல்லை. அங்கிள் என்று கூப்பிடச் சொல்லி என் மனைவி முதல் வாரம் முயன்று பார்த்தார். அங்கிள் என்றால் மாடி வீட்டுக்காரர். அதனால் ‘இந்தாங்க’, ‘பாத்தீங்களா’, ‘வந்துட்டீங்களா’ என்று வெறும் வினைச்சொல்லை வைத்தே சமாளித்துக்கொண்டாள். மரியாதையில் ஒரு குறை கிடையாது. அந்த ‘ங்க’ ஒரு நாளும் தவறியதில்லை.

எனக்குத் தைத்தது வேறு சொல். “நாங்க சாப்ட்டோம், உங்களுக்கு மூடி வெச்சிருக்கு” என்பாள். “நாங்க ஞாயித்துக்கெழம கோலியனூர் போறோம்” என்பாள். கோலியனூரில் என் மனைவியின் அப்பா அம்மா சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார்கள். போகும்போது நானும் கூடப் போவதுண்டு. ஆனால் வாக்கியத்தில் நான் போனதில்லை. அந்த வீட்டில் ‘நாங்க’ என்றால் அம்மாவும் மகளும். நான் எதிரே தட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆள். வேண்டுமென்று சொன்னதில்லை, எனக்குத் தெரியும். இத்தனை வருடம் இரண்டே பேராக இருந்த நாக்கு அப்படித்தான் புரளும். இருந்தாலும் வலித்தது. பேனர் அடிக்கிறவன் காது அப்படி ஆகிவிட்டது.

எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது டிவியில் வந்த ஒரு விண்வெளித் தொடர் மட்டும்தான். சனிக்கிழமை தோறும் ஒரு புது எபிசோட் வரும். நான் அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு விழுப்புரத்தில் பாசஞ்சரைப் பிடித்து வந்துவிடுவேன். என் மனைவி, “அந்த டப்பாவுல தொங்கிக்கினு போறவங்கள எனக்குப் பாக்க முடியாது” என்று பேப்பர் திருத்த உள்ளே போய்விடுவார். நான் நாற்காலியில், அவள் தரையில் சுவரில் சாய்ந்தபடி. அவள் போனை மேசையில் வைத்துவிட்டுப் பார்க்கிற ஒரே நிகழ்ச்சி அது.

மூன்று மனிதர்கள் ஒரு கப்பலில் ஏதோ ஒரு நட்சத்திரத்தைத் தேடிப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. தலைவி எதற்கும் அழ மாட்டாள். அழாத பெண்தான் தைரியசாலி என்று இந்த இயக்குநர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் எதைக் கேட்டாலும் முடியாது என்று ஆரம்பித்து, பிறகு செய்து முடித்துவிடுவார். முடியாது என்று ஆரம்பித்து முடியாது என்றே முடிக்கிறவர்களிடம் பலமுறை கியூவில் நின்ற எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. இளம் இன்ஜினியர் சுத்தத் தண்டம். வசனம் நிறைய, வேலை குறைவு. தொடரில் பாத்திரம் என்று மதித்துப் பேசக்கூடியது கப்பல் மட்டும்தான்.

கப்பலுக்கு முகம் கிடையாது. ஒரு பெண் குரலும், பேசும்போது சுவரில் எரிகிற விளக்கும்தான். ஆனால் அந்தக் குரலுக்கு வசனம் எழுதியவர் யாரோ பெரிய ஆள். முதல் எபிசோடிலிருந்தே கப்பல் ‘நாம்’ என்றுதான் பேசும். “நாம் இன்று முதல் தண்ணீரைக் குறைத்துக் குடிக்க வேண்டும்” என்று ஒரு வசனம். தண்ணீரே குடிக்காத ஒன்று தன்னையும் சேர்த்துக்கொண்டு அப்படிச் சொல்கிறதே, அதைப் பாருங்கள் என்று என் விமர்சனத்தில் சொன்னேன். அந்த வீடியோவை அவள் தன் தோழிகளுக்கு அனுப்பினாள் என்று பிறகு என் மனைவி சொன்னார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறாவது எபிசோடில் மூவரும் ஒரு கிரகத்தில் இறங்கினார்கள். எங்கும் மரங்கள், எல்லாம் கல்லாகிக் கிடந்தன. “இது திருவக்கரை” என்று அவளும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். எங்கள் பக்கம் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கிற ஊர் அது.

“ஸ்கூல்ல டூர் இட்டுக்கினு போனாங்க. இத விடப் பெரிசு பெரிசா கெடக்கும்” என்றாள்.

“இவனுங்க இத்தினி கோடி கிலோமீட்டர் போறதுக்கு, இங்க வந்து ஒரு ஷேர் ஆட்டோ புடிச்சிருக்கலாம்” என்றேன்.

அவள் சத்தமாகச் சிரித்தாள். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய பெரியப்பா வந்தார். இறந்துபோன தம்பியின் மகள் என்று அவளிடம் உயிரையே வைத்திருப்பவர். தாம்பரத்தில் சொந்த வீடு. பத்தாவது முடிந்ததும் அவளைத் தன் வீட்டிலேயே வைத்து, அங்கே நல்ல பள்ளியில் பதினொன்றாவது சேர்த்து, கோச்சிங்கும் அனுப்புகிறேன் என்றார். என்னைப் பார்த்து, “எங்க வீட்டுப் பொண்ணு சார். எங்க தம்பி இருந்தா இன்னா செஞ்சிருப்பானோ அத நாங்க செய்யணும் இல்லிங்களா” என்றார். நல்ல மனிதர், சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது. ஒரே மூச்சில் மூன்று இடத்தில் என்னை வெளியே நிறுத்தினார். நான் டீயை எடுத்துக் கொடுத்தேன்.

“அவளே முடிவு பண்ணட்டும்” என்றார் என் மனைவி. யோசித்துச் சொல்வதாக அவள் சொல்லி அனுப்பினாள். அதன் பிறகு அதைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை, அம்மாவிடம் கூட. அவள் போகக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். சனிக்கிழமைக்காகவா என்று யாராவது கேட்டால் ஆமாம், சனிக்கிழமைக்காகவும்தான். ஆனால் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன முறை இருக்கிறது? கூப்பிடவே சொல் இல்லாத ஒருவன் எந்தச் சொல்லை வைத்துத் தடுப்பது?

இந்த நிலையில் வந்ததுதான் ஏழாவது எபிசோட்.

கல்மரக் கிரகத்தில் மூவரும் மாட்டிக்கொள்கிறார்கள். இறங்கி வந்த சிறு வண்டி உடைந்துபோகிறது. கப்பல் மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. பூமியிலிருக்கும் நிலையத்திலிருந்து அதற்கு ஏதோ செய்தி வருகிறது, என்ன செய்தி என்று காட்டவில்லை. கீழேயிருந்து தலைவி ரேடியோவில், “எங்களை எடுத்துப்போக எப்போது வருவாய்?” என்று கேட்கிறாள். விளக்கு எரிகிறது. கப்பல் சொல்கிறது: “நாங்கள் திரும்பி வரமாட்டோம்.” அத்தோடு திரை கறுத்துவிட்டது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். ஆறு எபிசோட் முழுக்க ‘நாம்’ என்று சொன்ன வாய் இப்போது ‘நாங்கள்’ என்கிறது. “முடிஞ்சிது. அவங்கள வெளியே தள்ளிட்டிச்சி. இனிமே அது வேற கட்சி, இவங்க வேற கட்சி. மெஷினுங்கல்லாம் ஒண்ணா சேர்ந்துக்கினு கைவிடப் போவுது” என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே, “அது யார்கிட்ட சொல்லுது?” என்று கேட்டாள்.

“தலைவிகிட்டதான். அவதான கேட்டா?”

“வெளக்கு ஊதாவா எரிஞ்சிச்சி. இவங்ககிட்ட பேசினா மஞ்சளா எரியும். பூமிக்குப் பேசும்போதுதான் ஊதா.”

“டப்பிங் எழுதறவன் வெளக்கப் பாத்து எழுத மாட்டாம்மா. வசனத்தப் பாத்துதான் எழுதுவான்.”

“அடுத்த வாரம் பாருங்க” என்றாள். ‘பார்ப்போம்’ என்று கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க வீடியோவைப் பதிவு செய்து போட்டேன். ‘ஒரே ஒரு சொல்லில் துரோகம்’ என்று தலைப்பு. அதுவரை நான் போட்டவற்றிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். ஆங்கிலத்தில் பார்க்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். ஆங்கிலத்தில் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை, டப்பிங்காரன் வாய்க்கு வந்ததைப் போட்டிருக்கிறான், அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை அலட்டலா என்றார்கள். வாய்க்கு வந்ததைப் போட தமிழில் வழியே இல்லை ஐயா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், தேர்ந்தெடுத்தவனுக்குக் கதை தெரிந்திருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆனால் ஊதா விளக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. காலை ரயிலில் மயிலத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கடைசிக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். விளக்கு ஊதாதான். இருந்தும் என் காதில் அது துரோகமாகவே விழுந்தது. அந்த வாரம் ‘நாங்கள்’ என்ற சொல் எனக்கு வேறு மாதிரி கேட்க வாய்ப்பே இல்லை. வீட்டுக்குள் நான் கேட்டது அப்படி.

சனிக்கிழமை வந்தது. கோலியனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிறார்கள் என்று என் மனைவி காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். மகளும் கூடப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவள் கதவைத் திறந்தாள்.

“போவலியா?” என்றேன்.

“எபிசோட் இருக்கே” என்றாள்.

போன வாரம் கோலியனூரிலிருந்து வந்த மல்லாட்டையை வேக வைத்து ஒரு தூக்குவாளியில் போட்டு வைத்திருந்தாள். நான் நாற்காலி, அவள் தரை. எட்டாவது எபிசோட் ஆரம்பித்தது. ஏழாவதில் மறைத்த அந்தச் செய்தியை முதலிலேயே காட்டிவிட்டார்கள். பூமி நிலையத்தில் ஒரு பெரிய மனிதர், கெட்டவரும் இல்லை, வருத்தத்தோடுதான் பேசுகிறார். “மூவரையும் காப்பாற்ற முடியாது. அவர்களை விட்டுவிடு. நீ மட்டும் திரும்பி வந்துவிடு” என்று கப்பலுக்குக் கட்டளை போடுகிறார்.

அந்த ‘நாங்கள்’ யாரிடம் சொன்னது என்று எனக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மேசையில் அவள் போன் அடித்தது. திரையில் ‘பெரியப்பா’ என்று இருந்தது. நான் ரிமோட்டில் நிறுத்தினேன். என்ன பேசப் போகிறார்கள் என்று தெரியும். பதில் கேட்கத்தான் கூப்பிடுகிறார். எழுந்து சமையலறைப் பக்கம் போகலாம் என்று நினைத்தேன், ஆனால் போகவில்லை. அவளும் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து பேசினாள். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

“சொல்லுங்க பெரியப்பா.”

“அம்மா கோலியனூர் போயிருக்காங்க. மல்லாட்டை புடுங்குறாங்க.”

தனியாக இருக்கிறாயா என்று கேட்டிருப்பார் போல.

“ஒண்டியா இல்ல பெரியப்பா. நாங்க டிவி பாத்துக்கினு இருக்கோம்.”

என் மனைவி கோலியனூரில் மல்லாட்டைக் கொடியை உதறிக்கொண்டிருக்கிறார். மாடி வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். அந்த ‘நாங்க’வுக்குள் உட்கார என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. நான் சுற்றிலும் ஒரு முறை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பார்த்தேன்.

அவள் பேசிக்கொண்டே போனாள்.

“யோசிச்சிட்டேன் பெரியப்பா. நான் இங்கியே படிக்கிறேன்.”

“இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல. நானாதான் சொல்றேன்.”

“அய்யோ, கோவம்லாம் இல்ல. லீவுக்கு வர்றேன். நாங்க எல்லாருமே வர்றோம்.”

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பாவிடம் இல்லை என்று சொன்னது அவளுக்கும் சுலபமாக இருந்திருக்காது. அந்த மனிதருக்கும் அந்தப் பக்கம் வருத்தமாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அது புரிந்தது. ஆனாலும் நான் அப்போது சந்தோஷத்தில்தான் இருந்தேன், அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது. இரண்டு வருடமாக ‘நாம’ என்ற சொல்லுக்குக் காத்திருந்தேன். வந்தது அந்தச் சொல் இல்லை. என்னை வெளியே நிறுத்திய அதே பழைய ‘நாங்க’தான் வந்தது. இந்த முறை கேட்கிறவர் வேறு ஆள். நான் சொல்கிறவள் பக்கத்தில் இருந்தேன்.

“போடுங்க” என்றாள்.

ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று எனக்கு உடனே தெரியவில்லை. அவளே வாங்கிப் போட்டாள். திரையில் அந்தப் பெரிய மனிதர் பதிலுக்குக் காத்திருந்தார். கப்பலின் சுவரில் விளக்கு எரிந்தது, பளிச்சென்று ஊதா. “நாங்கள் திரும்பி வரமாட்டோம்” என்றது குரல்.

அவள் தூக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நாங்கள்னு சொல்லுச்சே, யார சேர்த்து சொல்லுச்சின்னு இப்பவாவது தெரியுதா?” என்று கேட்டாள்.

“தெரியுதும்மா” என்றேன்.